நுரை அடங்கினால் அணை தூய்மையாகிவிடுமா?

கெலவரப்பள்ளி அணையின் மதகுகள் திறக்கப்படும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஒரே காட்சிதான் செய்தியாகிறது. ஓசூருக்கு அருகே, அணைக்குக் கீழே தென்பெண்ணையாறு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வெண்ணுரை பொங்கி நிற்கும். தரைப்பாலத்தை நுரை மூடும். காற்றில் பிய்ந்து பறக்கும் நுரைக் கட்டிகள் கரையோர வயல்களில் போய் விழும். நீர்வரத்து குறைந்ததும் நுரை அடங்கும், செய்தியும் அடங்கும்.

நுரை கண்ணில் படுவதால் அதைப் பற்றிப் பேசுகிறோம். என் கவலையோ நுரை இல்லாத மாதங்களைப் பற்றியது. மதகுகள் மூடிக்கிடக்கும் கோடையில், அசையாமல் நிற்கும் அந்த நீருக்குள் நடப்பவைதான் கெலவரப்பள்ளியில் மட்டுமல்ல, அதற்குக் கீழே உள்ள கிருஷ்ணகிரி அணையிலும், இன்னும் கீழே நீர்மின் நிலையத்துடன் நிற்கும் சாத்தனூர் அணையிலும் தண்ணீரின் தரத்தைத் தீர்மானிக்கின்றன. தேங்கிய நீரைத் தூய்மைப்படுத்த உலகம் பல வழிகளைக் கண்டிருக்கிறது. அவற்றில் எது இங்கே பொருந்தும், எது வெறும் கண்துடைப்பாகும் என்று பார்ப்பதற்கு முன், இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

காவிரி நீர், பெண்ணையின் கழிவு

தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்திமலைப் பகுதியில் பிறக்கிறது. ஆனால், கொடியாளம் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழையும் நீரில், மழையற்ற மாதங்களில், நந்திமலைக்குச் சொந்தமானது மிகக் குறைவு. பெங்களூரு நகரம் ஒரு மேட்டின் முதுகில் அமைந்திருக்கிறது. மேட்டின் மேற்கே விழும் நீர் விருஷபாவதி வழியாக அர்க்காவதியையும், பிறகு காவிரியையும் அடைந்து மேட்டூருக்குப் போகிறது. கிழக்கே கோரமங்களா - செல்லகட்டா பள்ளத்தாக்கிலும் ஹெப்பாள் பள்ளத்தாக்கிலும் விழும் நீர் தென்பெண்ணையைச் சேர்கிறது. சுமார் 900 ஏக்கர் பரப்புள்ள பெல்லந்தூர் ஏரியும் அதை அடுத்த வர்த்தூர் ஏரியும் இந்தக் கிழக்குச் சரிவில்தான் இருக்கின்றன. 2015இலும் 2017இலும் 2018இலும் பெல்லந்தூர் ஏரி தீப்பற்றி எரிந்ததை உலகமே வேடிக்கை பார்த்தது. தண்ணீர் எரிந்த அந்த ஏரியின் வடிகால்தான் கெலவரப்பள்ளியின் வரத்துக்கால்.

இதில் வழக்கமாகச் சொல்லப்படாத ஒன்று உண்டு. பெங்களூருவின் குடிநீரில் பெரும்பகுதி காவிரி நீர். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, 500 மீட்டர் உயரத்துக்கு நாள்தோறும் சுமார் 145 கோடி லிட்டர் ஏற்றப்பட்டுவந்தது. 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட ஐந்தாம் கட்டத் திட்டம் இன்னும் 77.5 கோடி லிட்டரைச் சேர்த்தது. வீட்டுக்கு வழங்கப்படும் நீரில் 80 விழுக்காடு கழிவுநீராக வெளியேறும் என்பது நம் பொறியாளர்கள் கணக்கிடும் முறை. அப்படியானால், காவிரிப் படுகையில் எடுக்கப்பட்ட நீரில் கணிசமான பங்கு பெங்களூருவின் குளியலறைகளையும் சமையலறைகளையும் கடந்து பெண்ணைப் படுகையில் விழுகிறது. இரண்டு மாநிலங்களும் நீதிமன்றங்களில் சொட்டுச் சொட்டாகக் கணக்குப் பார்க்கும் ஓர் ஆற்றின் தண்ணீர், யாரும் கணக்குப் பார்க்காமல் இன்னோர் ஆற்றுக்குக் கைமாறுகிறது. கழிவாக மாறிய பிறகு.

தேங்கிய நீரின் வேதியியல்

ஓடும் ஆறு தன்னைத் தானே ஓரளவு சுத்தம் செய்துகொள்ளும். பாறையில் மோதி, காற்றை விழுங்கி, உயிர்வளியைக் கரைத்துக்கொண்டே ஓடும். அணை அந்த ஓட்டத்தை நிறுத்திவிடுகிறது. கோடையில் தேங்கிய நீரின் மேற்பரப்பு சூடாகி இலேசாகிறது. அடிநீர் குளிர்ந்து கனமாக இருக்கிறது. எண்ணெயும் தண்ணீரும்போல இவ்விரு அடுக்குகளும் கலக்காமல் நிற்கும்போது, மேலே உள்ள ஆக்சிஜன் கீழே போவதில்லை. அடியில் படிந்த கழிவை மட்கச் செய்யும் நுண்ணுயிரிகள் அங்கிருக்கும் ஆக்சிஜனைத் தின்று தீர்க்கின்றன. அதன் பிறகு அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு உருவாகிறது. இரும்பும் மாங்கனீசும் வண்டலிலிருந்து கரைந்து வருகின்றன.

இவற்றைவிட முக்கியமானது பாஸ்பரஸ். மலத்திலும் சிறுநீரிலும் சலவைத் தூளிலும் இருந்து வரும் பாஸ்பரஸ், ஆக்சிஜன் உள்ளவரை இரும்போடு ஒட்டிக்கொண்டு வண்டலில் அடங்கிக் கிடக்கும். ஆக்சிஜன் தீர்ந்ததும் அந்தப் பிடி தளர்ந்து, மீண்டும் நீருக்குள் கரைகிறது. அது நீலப்பச்சைப் பாசிக்கு உரம். பாசி பெருகி, மடிந்து, அடியில் விழுந்து, மேலும் ஆக்சிஜனைத் தின்கிறது. மேலிருந்து ஒரு சொட்டுக் கழிவுகூட வராவிட்டாலும் அணை தன் வயிற்றில் உள்ளதை வைத்தே பல ஆண்டுகள் அழுகிக்கொண்டிருக்க முடியும் என்பது இதன் பொருள். நீலப்பச்சைப் பாசிகளில் சில வகைகள் கல்லீரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கக்கூடியவை. தண்ணீரைக் கொதிக்கவைப்பதால் அந்த நஞ்சு அழிவதில்லை.

நுரை இதற்குப் பக்கவிளைவு போன்றது. சோப்பிலும் சலவைத் தூளிலும் உள்ள நுரைப்புப் பொருள்கள் சிதையாமல் தேங்கி நிற்கின்றன. மழை வெள்ளம் அவற்றைக் கலக்கிவிட, மதகிலிருந்து விழும் நீர் காற்றை அடித்துச் சேர்க்க, நுரை பொங்குகிறது. மழையைப் பயன்படுத்திச் சில ஆலைகள் கழிவைத் திறந்துவிடுகின்றன என்ற குற்றச்சாட்டு ஆண்டுதோறும் எழுகிறது. அது உண்மையென்றால் தண்டிக்கப்பட வேண்டிய குற்றம்தான். ஆனால், ஒரே ஒரு ஆலைகூடத் தவறு செய்யாத ஆண்டிலும், வீட்டுக் கழிவுநீர் மட்டுமே இந்த நுரையை எழுப்பப் போதுமானது.

ஒரே ஆற்றில் மூன்று தொட்டிகள்

கெலவரப்பள்ளி அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 44.28 அடி. அதன் பாசனப் பரப்பு 8,000 ஏக்கர். 52 அடி உயரமுள்ள கிருஷ்ணகிரி அணை, 1950களில் கட்டப்பட்டது. 9,012 ஏக்கருக்கு நீர் தருகிறது. 119 அடி உயரமும் 7,321 மில்லியன் கன அடி கொள்ளளவும் கொண்ட சாத்தனூர் அணை, பாசனத்தோடு திருவண்ணாமலைக்குக் குடிநீரும் வழங்குகிறது; அங்கே 7.5 மெகாவாட் திறனுள்ள நீர்மின் நிலையமும் உள்ளது.

கழிவுநீர்ப் பொறியாளரின் கண்ணால் பார்த்தால், இவை வரிசையாக வைக்கப்பட்ட மூன்று படிவுத் தொட்டிகள். முதல் தொட்டியில் அதிகம் படிகிறது, இரண்டாவதில் மிச்சம், மூன்றாவதற்கு ஓரளவு தெளிந்த நீர் போகிறது. சாத்தனூரில் நீர் எவ்வளவு நன்றாக இருக்கிறதோ, அந்த அளவுக்குக் கெலவரப்பள்ளியும் கிருஷ்ணகிரியும் அழுக்கைத் தாங்கியிருக்கின்றன. பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஓர் அணையை பெங்களூருவின் கடைசிச் சுத்திகரிப்பு நிலையமாக நடத்திக்கொண்டிருக்கிறோம். அதற்காக யாரும் அதற்குச் சம்பளம் கொடுப்பதில்லை.

பொறியாளர்கள் கண்ட வழிகள்

நீர்மின் அணைகளில் நீரின் தரத்தை மேம்படுத்துவது புதிய சிந்தனை அல்ல. மின்நிலையங்கள் பெரும்பாலும் ஆழத்திலிருந்து நீரை எடுக்கின்றன. ஆக்சிஜனற்ற அந்த நீர் சுழலியைக் கடந்து ஆற்றில் விழும்போது, கீழே பல கிலோமீட்டருக்கு மீன்கள் மூச்சுத் திணறும். சல்பைடு நீர் சுழலியையும் குழாய்களையும் அரிக்கும். அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் 1990களில் தன் அணைகள் பலவற்றில் இதைச் சரிசெய்ய முனைந்தது. நாரிஸ் அணையில், சுழலிக்குள் அழுத்தம் குறையும் இடங்களில் துளைகளை அமைத்தனர். நீர் தானாகவே காற்றை உறிஞ்சிக்கொண்டு வெளியேறியது. வேறு சில அணைகளில், அடியில் துளையிட்ட குழாய்களைப் படுக்கவைத்து ஆக்சிஜனை நுண்குமிழிகளாகச் செலுத்தினர். கலிபோர்னியாவின் சாஸ்டா அணையில், எந்த ஆழத்து நீரை வெளியே விடுவது என்று தேர்ந்தெடுக்கும் மாபெரும் எஃகு அமைப்பு 1997இல் பொருத்தப்பட்டது.

இவற்றில் சாத்தனூருக்குப் பொருந்துபவை உண்டு. மின்உற்பத்தியில் சிறு இழப்பை ஏற்றுக்கொண்டால், சுழலியின் வழியே காற்றைச் சேர்ப்பது செலவு குறைந்த வழி. கெலவரப்பள்ளிக்கு இதே மருந்தைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. நாள்தோறும் புதிய கழிவு வந்துகொண்டிருக்கும் ஒரு நீர்த்தேக்கத்தில் காற்றூட்டும் கருவிகளை மிதக்கவிடுவது, ஓட்டைப் பானையில் நீர் இறைப்பதுதான். நீரூற்றுபோலத் தண்ணீரைப் பீய்ச்சும் கருவிகள் திறப்பு விழாவுக்கு அழகாக இருக்கும். மேட்டூரில் கரையோரம் பாசி படர்ந்து துர்நாற்றம் எழும்போது தெளிக்கப்படும் நுண்ணுயிர்க் கரைசலையும் நான் இந்தப் பட்டியலில்தான் சேர்ப்பேன். நாற்றம் சில நாள்கள் தணியலாம். பாஸ்பரஸ் அணையைவிட்டு எங்கும் போவதில்லை.

நம் நிலைக்கு நெருக்கமான பாடம் தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. ஹார்ட்பீஸ்போர்ட் அணை 1920களில் பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. அதற்கு மேலே, கடலிலிருந்து வெகுதொலைவில், மேட்டின் முதுகில், ஜோகன்னஸ்பர்க் வளர்ந்தது. அந்நகரின் கழிவுநீர் முதலை ஆற்றின் வழியாக அணையை நிறைத்தது. பெயர்களை மாற்றினால் பெங்களூரு - கெலவரப்பள்ளிக் கதைதான். கழிவுநீரில் பாஸ்பரஸ் லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று 1985இலேயே அங்கே விதி வந்தது. அதைச் செயல்படுத்துவதில் நகராட்சிகள் தடுமாறின. பின்னர் பெரும் பொருட்செலவில் ஆகாயத்தாமரையையும் பாசியையும் அள்ளும் திட்டம் ஆண்டுக்கணக்கில் நடந்தது. 2010களின் நடுவில் அது நின்றதும் ஆகாயத்தாமரை மீண்டும் அணையை மூடியது. அள்ளுவது வேலைவாய்ப்பு தரும், அணையைத் திருத்தாது.

வரத்தை நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு இரு ஏரிகள் சாட்சி. சியாட்டில் நகரின் வாஷிங்டன் ஏரியில் கலந்த கழிவுநீரை 1963 முதல் 1968 வரை படிப்படியாகத் திருப்பிவிட்டார்கள். ஆழமான அந்த ஏரி, 1970களின் நடுவுக்குள் தானாகவே தெளிந்தது. ஸ்வீடனின் ட்ரும்மன் ஏரி ஆழம் குறைந்தது. அங்கே 1950களின் இறுதியில் கழிவுநீரை நிறுத்தியும் பத்தாண்டுகளுக்கு மேல் முன்னேற்றமே இல்லை. 1970, 1971இல் அடியிலிருந்த வண்டலை உறிஞ்சி எடுத்த பிறகே அது மீண்டது. கெலவரப்பள்ளி இந்த இரண்டாம் வகைக்கு நெருக்கமானது. முதலில் வரத்து, பிறகு வண்டல் என்ற வரிசை மாறக் கூடாது. வரத்தை விட்டுவிட்டு வண்டலை மட்டும் வாரினால், சில ஆண்டுகளில் அதே வண்டலுக்கு அதே ஒப்பந்தக்காரரை மீண்டும் அழைக்க வேண்டியிருக்கும்.

விதியில் விடுபட்ட ஒரு சொல்

பெங்களூரு எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. பெல்லந்தூர் தொடர்பாக தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2018 டிசம்பரில் கர்நாடக அரசுக்கு 50 கோடி ரூபாயும் பெங்களூரு மாநகராட்சிக்கு 25 கோடி ரூபாயும் அபராதம் விதித்து, 500 கோடி ரூபாயை ஏரிச் சீரமைப்புக்கென ஒதுக்கிவைக்கச் சொன்னது. சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகின. ஏரியில் தூர்வாரும் பணி தொடங்கியது. ஆனால், சுத்திகரிப்பு என்ற சொல்லுக்குள் ஒரு பொறி இருக்கிறது. வழக்கமான சுத்திகரிப்பு நிலையம் அழுகும் பொருளைக் குறைக்கும். பாஸ்பரஸில் ஒரு பங்கை மட்டுமே பிடிக்கும். மிச்சத்தைப் பிடிக்கப் படிகாரமோ இரும்பு உப்போ சேர்க்க வேண்டும். அல்லது அதற்கென்றே வடிவமைத்த நுண்ணுயிர்த் தொட்டி வேண்டும். இரண்டுக்கும் செலவு உண்டு.

சட்டம் கேட்காத செலவை யாரும் செய்வதில்லை. 2017 அக்டோபரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட கழிவுநீர் தர அறிவிக்கையில், பாஸ்பரஸுக்கும் நைட்ரஜனுக்கும் வரம்பே இல்லை. 2019 ஏப்ரலில் பசுமைத் தீர்ப்பாயம் அதை ஏற்க மறுத்து, பெருநகரங்களுக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம் பாஸ்பரஸ் என்ற வரம்பு உள்ளிட்ட கடுமையான தரங்களை நடைமுறைப்படுத்தச் சொன்னது. தென்னாப்பிரிக்கா 1985இல் தொட்ட அதே எண். கொடியாளத்தில் நுழையும் நீருக்குத் தமிழ்நாடு கேட்க வேண்டிய முதல் எண் இதுதான். நுரையின் உயரத்தைக் காட்டும் காணொலிகளைவிட இந்த ஓர் எண் நீதிமன்றத்தில் அதிக வலுவுள்ளது என்று நான் நம்புகிறேன்.

சுத்தம் கேட்டால் தண்ணீர் போகும்

இங்கேதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீருக்கு இன்று மதிப்பு வந்துவிட்டது. பெங்களூருவின் கோரமங்களா - செல்லகட்டா பள்ளத்தாக்கிலிருந்து நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் சுத்திகரித்த நீரை, கோலார், சிக்கபள்ளாப்பூர் மாவட்ட ஏரிகளுக்குக் குழாயில் கொண்டுசெல்லும் திட்டம் 2018இல் தொடங்கியது. வறண்ட கோலாருக்கு அது வரம். அதைக் குறைசொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால், பெல்லந்தூர் வழியாக நம்மை நோக்கி வந்திருக்கக்கூடிய நீர் அது. சுத்தம் செய்யச் செய்ய, நீரை வேறிடத்துக்குக் கொண்டுசெல்லும் ஆசை கூடும். எஞ்சி வருவது அளவில் குறைந்ததாகவும், சுத்திகரிக்கப்படாத பங்கு கூடியதாகவும் இருக்கும்.

கெலவரப்பள்ளி ஆயக்கட்டு விவசாயிக்கு இந்த அச்சம் தெரியும். நாறுகிறது என்று புகார் சொல்லும் அதே விவசாயி, கோடையிலும் ஆற்றில் வரும் இந்த நீரை நம்பித்தான் நாற்று விடுகிறார். நல்ல தண்ணீர் கொடு என்று கேட்டு, தண்ணீரே இல்லாமல் போய்விட்டால் யாரிடம் போய் முறையிடுவது? எனவே தமிழ்நாட்டின் கோரிக்கை இரண்டு எண்களைக் கொண்டதாக இருக்க வேண்டும்: எல்லையில் இவ்வளவு நீர், இந்தத் தரத்தில். ஒன்றை விட்டு ஒன்றைக் கேட்பது ஆபத்து.

நம் சட்ட மரபு இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் பழகவில்லை. தென்பெண்ணை வழக்கில் தமிழ்நாடு எடுத்துவைத்த 1892ஆம் ஆண்டு சென்னை - மைசூர் ஒப்பந்தம், பாசனக் கட்டுமானங்களைப் பற்றியது; சாக்கடையை ஆற்றில் விடும் ஒரு கோடிப் பேர் நகரத்தை அதை எழுதியவர்கள் கற்பனை செய்திருக்க முடியாது. மார்க்கண்டேய நதியின் குறுக்கே கர்நாடகம் கட்டிய அணை தொடர்பான தமிழ்நாட்டின் மனுவை உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் ஏற்காமல், நடுவர் மன்றம் கோரும் வழியைச் சுட்டிக்காட்டியது. நடுவர் மன்றம் என்றாவது அமைந்தால், அதன் முன் வைக்கப்படும் கேள்விகளில் பாஸ்பரஸும் கரைந்த ஆக்சிஜனும் இடம்பெற வேண்டும். டிஎம்சி கணக்கு மட்டும் பேசினால், ஒருவேளை அளவை வென்று, கழிவைப் பெற்றுக்கொள்வோம்.

நம் பக்கத்துக் கணக்கு

எல்லைக்கு அப்பால் கைநீட்டும் முன் ஓசூரையும் பார்க்க வேண்டும். 1970களில் சிப்காட் வந்த பிறகு வளர்ந்த இந்த ஊர், 2019இல் மாநகராட்சியானது. அதன் கழிவுநீரும் ஏரிகள், ஓடைகள் வழியாகத் தென்பெண்ணைப் படுகையில்தான் வடிகிறது. பெங்களூருவிடம் 1 மில்லிகிராம் கேட்கும் நாம், ஓசூருக்கு அமைக்கும் ஒவ்வொரு சுத்திகரிப்பு நிலையத்திலும் அதே வரம்பை ஒப்பந்தத்திலேயே எழுதியாக வேண்டும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

இன்னொரு உண்மையும் இருக்கிறது. 2013 முதல் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரைத் தருகிறது. ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீரால் எலும்பும் பல்லும் கெட்ட மக்களுக்கு அது அவசியமான திட்டம். அதன் மறுபக்கம், எல்லையின் இருபுறத்து நகரவாசிகளும் குடிப்பது காவிரியை. கழிவை விடுவது பெண்ணையில். குழாயைத் திறந்தால் கெலவரப்பள்ளி நீர் வந்திருந்தால், இந்த அணையின் கதை வேறு விதமாகப் போயிருக்கும். அதைத் தொடுபவர்கள் ஆயக்கட்டு விவசாயிகளும், வலை வீசும் மீனவர்களும், கீழ்க்கரைக் கிராமத்தாரும்தான். அவர்களுடைய குரல் பெங்களூருவுக்கு மட்டுமல்ல, சென்னைக்கும் தூரம்.

வழக்கும் நடுவர் மன்றமும் ஆண்டுக்கணக்கில் ஆகலாம். அதற்குள் நீர்வளத் துறையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் அடுத்த கோடையிலேயே தொடங்கக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. நாளிதழ்களின் அணை நிலவரப் பட்டியலில் நீர்மட்டமும் வரத்தும் வெளியேற்றமும் நாள்தோறும் வருகின்றன. நீருக்குள் என்ன இருக்கிறது என்பது வருவதில்லை. மூன்று அணைகளிலும், மதகுக்கு அருகே படகை நிறுத்தி, கயிற்றில் கட்டிய உணரியை அரை மீட்டருக்கு ஒரு முறை நிறுத்தி இறக்கினால், வெப்பநிலையும் கரைந்த ஆக்சிஜனும் எந்த ஆழத்தில் சரிகின்றன என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். வாரம் ஒரு முறை போதும். அதோடு மேலும் அடியும் ஒவ்வொரு குப்பி நீர் எடுத்துப் பாஸ்பரஸைப் பார்க்கலாம். கொடியாளத்திலும் அதே நாளில் மாதிரி எடுத்தால், வெளியிலிருந்து வந்தது எவ்வளவு, அணையின் வயிற்றிலிருந்து கிளம்பியது எவ்வளவு என்று பிரித்துவிடலாம். வண்டலை எப்போது வாருவது, சாத்தனூர் சுழலியில் காற்றைச் சேர்க்க வேண்டுமா, எந்த மதகை எந்த மாதத்தில் திறப்பது என்பவற்றையெல்லாம் அந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவுசெய்ய முடியும். அணை நிலவரப் பட்டியலில் 44.28 அடிக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு எண்களுக்கு இடம் இருக்கிறது.